கடைசற்பட்டறையின் கதை: யாழ்ப்பாணத்து லேத்துகள்

யாழ்ப்பாணத்தின் பொருளாதார வரலாற்றை எழுதியவர்கள் புகையிலையை எழுதியிருக்கிறார்கள். வெங்காயத்தையும் மிளகாயையும் பனையையும் எழுதியிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளைகளையும் அரசாங்க உத்தியோகத்தையும் எழுதி, "மணியோடர் பொருளாதாரம்" என்று அதற்கொரு பெயரும் சூட்டினார்கள். ஆனால் அந்த வெங்காயத் தோட்டத்திற்கு நீர் இறைத்த இயந்திரம் பழுதுபட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு தோட்டக்காரர் எங்கே ஓடினார் என்பதை எவரும் எழுதியதாக நான் காணவில்லை. அவர் ஓடிய இடம் லேத் பட்டறை. கரி படிந்த கூரையும், கிறீஸ் ஊறிய நிலமும், நடுவில் வார்ப்பிரும்பாலான ஒரு கடைசல் இயந்திரமுமாகக் குடாநாட்டின் சந்திகள் பலவற்றில் இருந்த அந்தப் பட்டறைகளுக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டென்பது என் துணிபு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். இது தற்செயலன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறிமாறி இழுக்கும்போது மத்து ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சுழல்கிறது. பழைய காலத்துக் கடைசற்காரன் கட்டில் காலையோ பம்பரத்தையோ கடைந்ததும் இதே முறையில்தான். ஒருவன் கயிற்றை இழுக்க, மற்றவன் மரம் தன்னை நோக்கிச் சுழலும் வேளையில் மட்டும் உளியை அழுத்துவான். எதிர்த்திசையில் சுழலும்போது உளியை எடுத்துவிடுவான். "கடைந்தெடுத்தாற்போல" என்று ஓர் உருவத்தைப் புகழ்வதும், "கடைந்தெடுத்த அயோக்கியன்" என்று ஒருவனை இகழ்வதும் இந்த வினைச்சொல்லிலிருந்து வந்த வழக்குகளே. ஆக, லேத் என்னும் ஆங்கிலச் சொல் வருமுன்னரே அந்தத் தொழில் நம்மிடம் இருந்தது. இல்லாதிருந்தது இரும்பைக் கடையும் இயந்திரம்.

இரும்பைத் துல்லியமாகக் கடைந்து திருகுபுரி வெட்டும் இயந்திரத்தை இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி 1800ஆம் ஆண்டளவில் செம்மைப்படுத்தினார். வெட்டும் கருவியை மனிதன் கையில் பிடிப்பதற்குப் பதிலாக ஒரு வழுக்கிமேல் பூட்டி, அந்த வழுக்கியை ஒரு நீண்ட திருகுதண்டால் நகர்த்துவதே அதன் உட்பொருள். அதற்கு முன்னர் ஒரு போல்ட்டுக்குச் செய்த நட்டு இன்னொரு போல்ட்டுக்குப் பொருந்தாது. 1841இல் ஜோசப் விட்வேர்த் திருகுபுரிகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். அந்த விட்வேர்த் புரிதான் பிரித்தானியப் பேரரசின் கப்பல்களோடும் றெயில்களோடும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான முழு றெயில்பாதையும் 1905இல் திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள ஒரு வார்ப்பிரும்பு இயந்திரத்தை மாட்டுவண்டியிலும் வத்தையிலும் ஏற்றிக்கொண்டு திரிய வேண்டிய தேவை அதன்பின் ஒழிந்தது.

ஆயினும், லேத் குடாநாட்டின் அன்றாட வாழ்வில் வேரூன்றியது சுதந்திரத்தின் பின்னரே. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆனையிறவுக்கு அப்பால் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. 1958 ஜனவரி 1ஆந் திகதி பேருந்துகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோது கோண்டாவில் டிப்போ யாழ்ப்பாணத்து வாலிபர்களுக்கு ஒரு தொழிற்பள்ளியாயிற்று. இவ்விடங்களில் பயின்று வெளியேறியவர்களும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களும் தனிப் பட்டறைகளை வைத்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சமூகத்தில் கொல்லுத்தொழிலும் தச்சுத்தொழிலும் பிறப்போடு ஒட்டியவையாகக் கருதப்பட்டு வந்தன. லேத்தின் முன்னால் நின்றவனிடம் அந்தக் கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படவில்லை. இயந்திரம் புதியது, அதற்குச் சாதி சொல்லிவைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வேலைக்குப் பஞ்சமில்லை. துலா மிதித்து நீர் இறைத்த தோட்டங்களுக்கு மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தன. துலாவுக்குத் தச்சனும் கொல்லனும் போதும். இறைப்பு இயந்திரத்திற்குக் கடைசற்காரன் வேண்டும். அதன் அச்சும் புஷ்ஷும் தேய்ந்துகொண்டே இருக்கும். கடற்றொழிலில் இயந்திரப் படகுகள் பெருகின. காரைநகரில் நோர்வே நாட்டவர் உதவியோடு சீநோர் படகுத்தளம் அமைந்தது. உப்புநீரில் சுழலும் தண்டுக்குப் பித்தளைப் புஷ் கடைவது தனியொரு வருமானம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, முன்னரே வந்திருந்த ஒஸ்ரின் ஏ 40களும் மொறிஸ் மைனர்களும் இனி இவைதான் என்று ஆயின. அந்த வண்டிகள் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடியதை யாழ்ப்பாணத்தாரின் சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டாகப் பலர் வியந்து எழுதியுள்ளனர். சிக்கனம் ஒருபுறமிருக்க, ஒவ்வொரு வண்டியிலும் பாதிப் பாகம் உள்ளூர் லேத்தில் பிறந்தது என்பதை அவ்வியப்பில் எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்தப் பட்டறைகளில் நின்ற இயந்திரங்கள் பெரும்பாலும் பிரித்தானியத் தயாரிப்புகள். அவற்றின் அளவெல்லாம் அங்குலம். வந்துசேர்ந்த இறைப்பு இயந்திரங்களோ காலப்போக்கில் ஜப்பானியத் தயாரிப்புகளாயின. அவற்றின் அளவெல்லாம் மில்லிமீற்றர். விட்வேர்த் புரியின் கோணம் 55 பாகை, மீற்றர் புரியின் கோணம் 60 பாகை. அங்குலத் திருகுதண்டு உள்ள லேத்தில் மில்லிமீற்றர் புரி வெட்டுவது எப்படி? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அதை ஐந்தால் பெருக்கினால் 127. ஆகவே 127 பல் கொண்ட ஒரு சக்கரத்தை இடையில் பூட்டினால் கணக்குத் துல்லியமாக வரும். 127 ஒரு பகா எண்ணாதலால் அதைச் சிறிய சக்கரங்களாகப் பிரிக்கவும் இயலாது. அந்தச் சக்கரம் இல்லாதவர்கள் 80 பல் சக்கரத்தையும் 63 பல் சக்கரத்தையும் இணைத்துச் சமாளிப்பதுண்டு; பிழை எண்ணாயிரத்தில் ஒரு பங்குதான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு கடைசற்காரர் இந்தக் கணக்கைப் பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவரிடம் பகா எண் என்றால் என்னவென்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அது பின்னர் திறக்கப்படவேயில்லை. றெயில் நின்றது. மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, மின்கலம், வாகன உதிரிப்பாகம் என்று நீண்டதொரு பட்டியல் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்டது. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றிய காலம் அது. பள்ளிப் பிள்ளைகளின் கோடிட்ட அப்பியாசத் தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. எங்கள் தொழிலின் அந்தக் கதையைத் தனியே எழுத வேண்டும். இப்போது லேத்தோடு நிற்கிறேன்.

மின்சாரம் இல்லாமல் லேத் எப்படி ஓடியது என்று இளையவர்கள் கேட்கக்கூடும். பழைமையே அங்கு கைகொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யப்பட்ட லேத்துகள் தனித்தனி மின்மோட்டாருக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. தொழிற்சாலைக் கூரையில் ஓடும் ஒரு நீண்ட தண்டிலிருந்து தோல்பட்டியால் இழுக்கப்படுவதற்காக அகன்ற, தட்டையான கப்பிகளோடு வந்தவை. அந்தக் கப்பியில் பட்டியை மாட்டி, மறுமுனையை ஓர் இறைப்பு இயந்திரத்தில் மாட்டினால் லேத் சுழலும். மோட்டாரை உள்ளே அடக்கிய நவீன லேத்தை வைத்திருந்தவர்களே அதிகம் திண்டாடினார்கள்.

வேலையோ முன்னெப்போதையும்விடப் பெருகிற்று. காரணம் மண்ணெண்ணெய். பெற்றோல் கிடைக்காமையால் தொடக்கத்திற்கு மட்டும் சில துளி பெற்றோலை விட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளையும் காரையும் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. முழுதும் எரியாமல் எஞ்சியது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது. நீர்த்த எண்ணெயால் வளையங்களும் பேரிங்குகளும் விரைவில் தேய்ந்தன. தேய்ந்தவற்றுக்குப் புதியவை கொழும்பிலிருந்து வர முடியாது. எனவே பெரிய லொறியொன்றின் பழைய லைனரைக் கடைந்து சிறிய எஞ்சினுக்குப் பொருத்துவது, உடைந்த படகு விசிறியை உருக்கிப் புஷ் வார்ப்பது, கைவிடப்பட்ட வண்டியின் அச்சிலிருந்து வேறொன்றைச் செய்வது என்று கடைசற்காரர் வாழ்ந்தார். மூலப்பொருள் முழுவதும் பழைய இரும்பே. ஓர் இரும்புத்துண்டைக் கையில் ஏந்தி, அரத்தால் ஒரு கீறு கீறி, அது எவ்வகை உருக்கு என்று சொல்லும் திறன் அப்போது வளர்ந்தது. எந்தக் கல்லூரியிலும் அதற்குப் பாடமில்லை.

அதே திறன் ஆபத்தாகவும் முடிந்தது. சைக்கிள் அச்சைக் கடையும் இயந்திரம் எறிகணைக் கூட்டையும் கடையும். இயக்கங்கள் தமக்கென்று பட்டறைகளை அமைத்து ஆயுதம் செய்தமை யாவரும் அறிந்தது. "பசீலன் 2000" என்னும் மோட்டாரின் பெயரை அக்காலத்தில் குடாநாட்டில் இருந்த எவரும் மறந்திரார். ஆகவே லேத் வைத்திருந்தவரிடம் ஒரு தரப்பு வேலை கேட்டது. மறுதரப்பு அவரைச் சந்தேகித்தது. "லேத் வேலை தெரியும்" என்று சோதனைச் சாவடியில் சொல்லத் தயங்கியவர்களை நான் அறிவேன். விண்ணப்பப் படிவங்களில் தொழில் என்ற இடத்தில் "கமம்" என்று எழுதிய கடைசற்காரர்கள் இருந்தார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. சைக்கிளில் பிள்ளையையும் அரிசியையும் ஏற்றலாம். லேத்தை ஏற்ற முடியாது. பின்னாளில் நான் பேசிய கடைசற்காரர்கள் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொன்னார்கள்: சக்கைக் கழற்றினோம், பற்சக்கரங்களைக் கழற்றிச் சாக்கில் கட்டினோம், பெட்டில் கிறீஸைத் தடவினோம், புறப்பட்டோம். சிலர் சாக்கைக் கிணற்றில் இறக்கினார்கள். சிலர் கோடியில் புதைத்தார்கள். உடலை விட்டு உயிரை மட்டும் எடுத்துச் சென்றதுபோல என்று ஒருவர் சொன்னார். 1996இல் திரும்பியவர்களுள் சிலருக்கு இயந்திரம் கிடைத்தது, சாக்கு கிடைக்கவில்லை. சிலருக்கு அதற்கு மாறாக நேர்ந்தது.

வலிகாமம் வடக்கு மக்களின் கதை இன்னும் நீண்டது. 1990இல் வெளியேறிய அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகி, போர் 2009இல் முடிந்த பின்னர் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் விடுபட்டது. அவ்வாறு விடுபட்ட ஒரு காணியில் பட்டறை இருந்த இடத்தை உரிமையாளர் எனக்குக் காட்டினார். கூரையில்லை, சுவரில்லை. பற்றையை வெட்டி விலக்கியபோது ஒரு சீமெந்துத் தளமும் அதில் நிமிர்ந்து நின்ற நான்கு போல்ட்டுகளும் தெரிந்தன. இயந்திரத்தைத் தூக்கியவர்கள் நட்டுகளை ஒழுங்காகக் கழற்றி எடுத்திருந்தார்கள். வெட்டி எடுக்கவில்லை. தொழில் தெரிந்தவன் வேலை என்று அவர் சொன்ன தொனியில் கோபத்தைவிட மதிப்பே அதிகம் இருந்தது.

போருக்குப் பின் பழைய இரும்பு வாங்குவோர் வடக்கெங்கும் திரிந்தனர். தப்பியிருந்த லேத்துகள் பல அவர்களுடைய தராசில் ஏறின. நூறாண்டு பழைய வார்ப்பிரும்புக்குக் கிலோக் கணக்கில் விலை. உரிமையாளர் இறந்திருப்பார், மகன் ரொறன்ரோவில் கணினியால் இயங்கும் லேத்தில் வேலை செய்வார், வீட்டிலிருக்கும் தாயாருக்கு அந்த இயந்திரம் கொட்டிலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சுமை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

அண்மைக் காலமாக எதிர்த்திசையிலும் ஒரு நகர்வைக் காண்கிறேன். ஓய்வுபெற்று ஊர்திரும்பிய சிலரும் உள்ளூர் இளைஞர் சிலரும் தம் வீட்டுப் பட்டறைக்கென்று பழைய லேத்தைத் தேடி வாங்குகிறார்கள். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது புதிய இயந்திரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்தாண்டுகள் 1960களை எனக்கு நினைவூட்டின; பழைய வண்டியும் பழைய லேத்தும் மறுபடி மதிப்புப் பெற்றன. அவ்வாறு வாங்க எண்ணிய ஒரு நண்பருக்காக அனுபவசாலிகள் சிலரிடம் கேட்டறிந்ததைப் பலருக்கும் பயன்படுமென்பதால் இங்கே தருகிறேன்.

துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதே அவர்கள் முதலில் சொன்னது. கடல் சூழ்ந்த நம் ஊரில் துருப்பிடிக்காத இரும்பு ஏது? மேற்றுரு ஒரு பொருட்டன்று, தேய்மானமே பொருட்டு. நம்மூர் லேத்துகள் பெரும்பாலும் புஷ் போன்ற குறுகிய வேலைகளையே செய்தவை. எனவே சக்குக்கு அருகே பெட் நன்றாகத் தேய்ந்திருக்கும். வால்பக்கம் புதிதுபோல் இருக்கும். அறிவதற்கு எளிய வழி உண்டு. வழுக்கியைச் சக்கின் அருகே கொண்டுவந்து, அவ்விடத்தில் இடைவெளியின்றி ஓடும்படி பக்கத் திருகுகளை இறுக்கி, பின்னர் வால்பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். இறுதிவரை ஓடினால் நல்லது. பாதியிலேயே இறுகி நின்றால் தேய்மானம் அதிகம். விலையைக் குறைத்துக் கேட்கலாம். புதிய வண்ணம் பளபளக்கப் பூசிய லேத்தை ஐயத்தோடு பார்க்க வேண்டுமென்றும் சொன்னார்கள்.

மோட்டாரையும் பார்க்க வேண்டும். பட்டறை லேத்துகள் பலவற்றில் இருப்பது மூன்று கட்ட மோட்டார். வீட்டுக்கு வருவதோ ஒற்றைக் கட்ட மின்சாரம். மோட்டாரை மாற்றவோ, இடையில் மின்மாற்று மின்னணுக் கருவியொன்றை வைக்கவோ நேரும். அச்செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

துருநீக்குவதற்குச் சலவைச் சோடாக் கரைசலில் பாகத்தை அமிழ்த்தி, பற்றறி சார்ஜரின் எதிர்முனையை அதிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் கொடுப்பது மலிவான முறை. தகடு சாதாரண இரும்பாகவே இருக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்கைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உண்டாகும். வெளிவரும் ஐதரசன் தீப்பற்றக்கூடியதாகையால் திறந்த வெளியிலேயே செய்க. பின்னர் வருவதுதான் பொறுமையின் சோதனை. தேய்ந்த பரப்பில் நீலமையைத் தடவிய சமதளத்தை உரசி, மை ஒட்டிய மேடுகளை மட்டும் கைச்சுரண்டியால் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. இறுதியில் இயந்திரத்தை நிலத்தில் பூட்டும்போது நீர்மட்டம் பார்த்துப் பூட்டாவிட்டால் பெட் முறுகி, கடைந்த தண்டு ஒருமுனை பருத்து மறுமுனை சிறுத்து வரும். லேத் பழுது என்று நினைத்து விற்றவர்கள் சிலருக்கு உண்மையில் பழுதாயிருந்தது சீமெந்து நிலமே.

பாகங்கள் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. பிரித்தானிய வீட்டுப் பட்டறைகளில் பெரும்புகழ் பெற்ற மைபோட் எம்.எல்.7 வகை 1946இல் வந்தது. நொட்டிங்ஹாம் அருகே பீஸ்ரனில் இயங்கிய அந்த நிறுவனமே 2011இல் தொழிற்சாலையை மூடிவிட்டது. பெயரையும் பாகங்களையும் வேறொரு நிறுவனம் வாங்கிற்று. அத்தகைய புகழ்பெற்ற வகைக்கு இன்றும் பாகம் தருவிக்கலாம். பெயர்த்தகடு இழந்து, எங்கே செய்ததென்றே அறியமுடியாமல் நம்மூர்க் கொட்டில்களில் கிடப்பவற்றுக்கு அந்த வழியில்லை. அவற்றின் தேய்ந்த நட்டை இன்னொரு லேத்தில்தான் கடைந்தெடுக்க வேண்டும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் விசாரித்தால் ஆள் அகப்படும்.

எல்லாவற்றிலும் அரிதாக இருப்பது 1995இல் சாக்கில் கட்டிப் பிரிக்கப்பட்ட அந்தப் பற்சக்கரத் தொகுதி. அது இல்லாத லேத் கடையும், புரி வெட்டாது. முக்கியமாக 127 பல் சக்கரம். வட்டத்தை 127 சம பங்காகப் பிரிப்பதற்கு வழக்கமான பிரிகருவியில் துளைத்தட்டு இல்லை. வெளிநாடுகளில் வீட்டுப் பட்டறைக்காரர் இப்போது முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்ரிக்கால் அச்சக்கரத்தைச் செய்துகொள்கிறார்கள். அவ்வாறு செய்து ஊருக்கு அனுப்பலாமா என்று நண்பர் கேட்டார். அனுப்பலாம் என்றே விசாரித்த இடத்தில் சொன்னார்கள். ஆனால் ஆழமாக வெட்டக்கூடாது. ஒவ்வொரு முறையும் தலைமயிர் அளவே இறக்கி, பலமுறை ஓட்டி வெட்ட வேண்டும்.